வெள்ளி நினைவு நாணயங்களை உருக்கக் கொடுக்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 இல் வெள்ளி விலை 1980 ஆம் ஆண்டின் உச்சத்தையும் தாண்டிப் போனதிலிருந்து, யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் பழைய அறுணாக்கொடி, கொலுசு, குங்குமச் சிமிழோடு சேர்ந்து நினைவு நாணயங்களும் தராசுத் தட்டுக்கு வருகின்றன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தவை, அப்பப்பா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வைத்தவை, இந்தியாவுக்குப் போனவர்கள் வாங்கி வந்தவை என்று பலவகை. உருக்கினால் ஒரு நட்டமும் வராதவை அவற்றில் உண்டு. உருக்கினால் திரும்பக் கிடைக்காதவையும் உண்டு. வெள்ளியே இல்லாதவையும் உண்டு. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. அவருடைய தொழில் உலோகம். அதை அவர் ஒழுங்காக நிறுக்கிறார். எது எந்த நாணயம் என்று பிரித்துப் பார்ப்பது வீட்டிலேயே முடிய வேண்டிய வேலை. அதை எப்படிச் செய்வது என்று விவரமாக எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டாலும் பிரசுரித்து உதவ வேண்டுகிறேன்.

முதலில் கணக்கு. பத்திரிகைகளில் வரும் கிராம் விலை தூய வெள்ளிக்கானது. நாணயத்தை நிறுத்து அந்த விலையால் பெருக்கிக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நிறையை முதலில் வெள்ளியின் பங்கால் பெருக்க வேண்டும். இலங்கையினதும் பிரித்தானியாவினதும் பெரிய வெள்ளி நினைவு நாணயங்கள் பெரும்பாலும் 28.28 கிராம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிகுதி செம்பு. 28.28 ஐ 0.925 ஆல் பெருக்க 26.16 கிராம் வரும். நம்மூர்க் கணக்கில் மூன்றேகால் பவுணுக்குச் சற்றுக் கூட. இதுதான் உலோகப் பெறுமதி. நாணயத்தில் அச்சிட்டிருக்கும் முகப்பெறுமதி இன்னொன்று. சேகரிப்போர் கொடுக்கும் விலை மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. 5 ரூபாய் என்று போட்ட நாணயத்தை வங்கியில் கொடுத்தால் 5 ரூபாய்தான் கிடைக்கும். அதற்குள் இருக்கும் வெள்ளி அதைவிடப் பல மடங்கு பெறும்.

அந்த 5 ரூபாய் நாணயம்தான் சுதந்திர இலங்கையின் முதல் வெள்ளி நினைவு நாணயம். 1957 இல் புத்த ஜயந்தியை ஒட்டி வந்தது. 28.28 கிராம், 925 வெள்ளி, 5 இலட்சம் நாணயங்கள். அதில் பாதிக்கு மேல் மீளப் பெறப்பட்டு உருக்கப்பட்டதாக நாணயப் பட்டியல்கள் குறிக்கின்றன. அதே நிகழ்வுக்கு வெளியான 1 ரூபாய் நாணயம் செம்பு நிக்கல் கலவை. இரண்டும் ஒரே அலுமாரியில் ஒரே நிறத்தில் மங்கிப் போய்க் கிடக்கும். சின்னதை வெள்ளி என்றும் பெரியதைப் பித்தலாட்டம் என்றும் நினைத்துக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன. அதன் பிறகு நெடுங்காலம் நம் நாட்டு நினைவு நாணயங்களில் வெள்ளி இல்லை. 1976 அணிசேரா மாநாட்டு 2 ரூபாய், 5 ரூபாய், 1981 இல் சர்வசன வாக்குரிமையின் 50 ஆம் ஆண்டுக்கு வந்தது, இவை எதிலும் ஒரு கிராம் வெள்ளியும் கிடையாது. 1990 இல் மத்திய வங்கியின் 40 ஆம் ஆண்டுக்கு 500 ரூபாய் நாணயமும், 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு 1000 ரூபாய் நாணயமும் வெள்ளியில் வந்தன. பொன்விழாவுக்கே இரட்டை உலோகத்தில் 10 ரூபாய் நாணயமும் தங்கத்தில் 5000 ரூபாய் நாணயமும் சேர்ந்து வந்ததால் குழப்பம் இன்னும் கூடும். 2013 ஆம் ஆண்டு பொறித்த 25 மாவட்டங்களின் 10 ரூபாய் வரிசை துருப்பிடிக்கா உருக்கு. யாழ்ப்பாண மாவட்ட நாணயம் என்று ஆசையாக வைத்திருப்பது நல்லது, வையுங்கள். வெள்ளி என்று சொல்லி யாராவது விலை பேசினால் வாங்காதீர்கள்.

வெளிநாட்டு நாணயங்களில்தான் ஆட்கள் கூடுதலாக இடறுகிறார்கள். இங்கே வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய பெரிய நாணயம் பிரித்தானியாவின் 'கிறவுண்'. 1965 இல் சேர்ச்சிலுக்கு வந்தது 1 கோடியே 96 இலட்சத்துக்கு மேல். 1977 இல் எலிசபெத் அரசியாரின் வெள்ளிவிழாவுக்கு வந்தது, 1981 இல் சார்ள்ஸ் டயானா திருமணத்துக்கு வந்தது என்று மற்றவையும் கோடிக்கணக்கில் அடித்தவை. கைக்குப் பாரமாக இருக்கும், பளபளக்கும், பிளாஸ்டிக் பெட்டியில் வரும். ஆனால் அவற்றில் ஆகப் பெரும்பாலானவை செம்பு நிக்கல். 1977 இனதும் 1981 இனதும் அதே வடிவத்தில் 925 வெள்ளியிலும் அடித்துத் தனியாக விற்றார்கள். செம்பு நிக்கலில் அடித்ததும் 28.28 கிராம், வெள்ளியில் அடித்ததும் 28.28 கிராம்; விட்டமும் ஒன்றே, 38.6 மில்லிமீற்றர். நாணயத்தின் மேல் 'வெள்ளி' என்று எங்கும் எழுதியும் இராது. ஆகவே தராசில் வைத்து நிறை சரி என்று சொல்வதால் இங்கே ஒரு பயனும் இல்லை. வெள்ளி அடர்த்தி கூடியது என்பதால் வெள்ளி நாணயம் சற்று மெல்லியதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும், ஒன்று மட்டும் கையில் இருந்தால் தெரியாது.

கனடாவிலிருந்து வருபவற்றில் 1976 மொன்றியல் ஒலிம்பிக் நாணயங்கள் நல்ல வெள்ளி. 1973 முதல் 1976 வரை 28 வடிவங்கள் வந்தன. 5 டொலர் 24.3 கிராம், 10 டொலர் 48.6 கிராம், இரண்டும் 925. முழுத் தொகுதியிலும் 944 கிராம் அளவில் தூய வெள்ளி இருக்கிறது. இவை மிகப் பெரும் எண்ணிக்கையில் அடிக்கப்பட்டவை. சேகரிப்போர் வெள்ளி விலையை ஒட்டித்தான் வாங்குகிறார்கள். பெட்டி உடைந்து, கீறல் விழுந்து கிடக்கும் மொன்றியல் நாணயத்தை விற்பதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை. கனடாவின் 1 டொலரில் வருடத்தைப் பாருங்கள்: 1935 முதல் 1967 வரை 23.3 கிராம், 800 வெள்ளி. 1968 இலிருந்து புழக்கத்துக்கு வந்த டொலர் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1971 முதல் 1991 வரை சேகரிப்போருக்கென்று தனியாக அடித்தது 500 வெள்ளி, அதாவது சரிபாதி. சுவிஸின் 20 பிராங் நினைவு நாணயம் 1991 இல் தொடங்கியது. 20 கிராம், 835 வெள்ளி, ஆக 16.7 கிராம். அதற்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. வெள்ளி விலை விழுந்தாலும் அது 20 பிராங் பணம். சுவிஸுக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பெறுமதி போகாது. நகைக்கடையில் கொடுக்குமுன் அன்றைய பிராங் மாற்று விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய நாணயங்களில் 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் 15 கிராம், 800 வெள்ளி. தூய வெள்ளி 12 கிராம். 1972 இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த 10 ரூபாயில் வெள்ளி 500 ஆகக் குறைந்துவிட்டது, நிறை 22.5 கிராமாகக் கூடியது. பெரிதாக இருக்கிறது என்று நினைத்து இதைக் கூடுதல் பெறுமதியானது என்று எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது 11.25 கிராம்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர் ஆகியோருக்கு வந்த 100 ரூபாய் நாணயங்கள் 35 கிராம், 44 மில்லிமீற்றர். கலவை 50 வீதம் வெள்ளி, 40 வீதம் செம்பு, 5 வீதம் நிக்கல், 5 வீதம் துத்தநாகம். உருக்கப் போனால் 17.5 கிராம் வெள்ளிக்கே காசு. நான்கு உலோகக் கலவை என்பதால் சுத்திகரிப்புச் செலவும் கூட, பல கடைகள் அதை எடுக்கவே விரும்புவதில்லை. இந்த வகையைச் சேகரிப்பாளரிடம் கொடுப்பதே இலாபம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயம் வேறு. அது 35 கிராமில் 80 வீதம் வெள்ளி. தமிழர் வீட்டில் அதை உருக்கக் கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இனி, கையில் இருப்பது வெள்ளிதானா என்று பார்க்கும் வழி. நம்மூர் வழக்கம் உரைகல். பத்தர் நாணயத்தின் விளிம்பைக் கல்லில் உரைத்து, அமிலம் விட்டு நிறம் பார்ப்பார். சங்கிலிக்கு அது சரி. நாணயத்தின் விளிம்பில் உரைத்த அடையாளம் விழுந்தால் சேகரிப்பு விலை அந்த நிமிடமே போய்விடும். சில கடைகளில் இருக்கும் எக்ஸ் கதிர் இயந்திரம் நாணயத்துக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். கனமாக வெள்ளி முலாம் பூசிய செம்புக் கட்டியைக்கூட 999 என்று காட்டிவிடும். காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது உறுதி. ஒட்டாவிட்டால் எதுவும் உறுதியில்லை. செம்பும் ஈயமும் செம்பு நிக்கலும்கூட ஒட்டாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை நீரில் நிறுத்தல். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்று வேண்டும். 200 கிராம் வரை நிறுப்பது போதும். அதோடு ஒரு சிறிய கண்ணாடிக் குவளை, காய்ச்சி வடித்த நீர், மெல்லிய தங்கூசி நூல் ஒரு சாண். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். காற்று பட்டால் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும், அந்த இலக்கம்தான் இங்கே முக்கியம். முதலில் நாணயத்தை வெறுமனே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீருள்ள குவளையைத் தராசில் வைத்துக் காட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தைத் தங்கூசியில் கட்டி, கையால் அல்லாமல் ஏதாவது தாங்கியில் தொங்கவிட்டு, நீருக்குள் முழுதாக மூழ்கும்படி இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. இப்போது தராசு காட்டுவது நாணயம் இடம்பெயர்த்த நீரின் நிறை. முதல் நிறையை இதனால் வகுத்தால் அடர்த்தி வரும்.

28.28 கிராம் நாணயம் 925 வெள்ளியாக இருந்தால் நீரில் 2.73 கிராம் அளவில் காட்டும், அடர்த்தி 10.36. செம்பு நிக்கலாக இருந்தால் 3.16 காட்டும், அடர்த்தி 8.95. 0.43 கிராம் வித்தியாசம் என்பது இந்தத் தராசுக்கு மிகப் பெரிய இடைவெளி, பிழை விட இடமில்லை. 800 வெள்ளி 10.1 ஐ ஒட்டி வரும், 835 வெள்ளி 10.2 ஐ ஒட்டி, தூய வெள்ளி 10.5 ஐ ஒட்டி. இந்தியாவின் நான்கு உலோகக் கலவை 9.5 அளவில் நிற்கும். பிழை வருவது வழக்கமாக இரண்டு காரணத்தால். எழுத்துகளின் இடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் நீர் கூடுதலாக இடம்பெயரும், வெள்ளி நாணயம் வெள்ளி இல்லாதது போலத் தெரியும். நூலை மெதுவாகச் சுண்டிக் குமிழியை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். நாணயம் அடியில் முட்டினால் தராசு அதன் பாரத்தையும் சேர்த்துக் காட்டும். 3 கிராம் வர வேண்டிய இடத்தில் 15, 20 என்று வந்தால் காரணம் அதுதான். மூன்று தடவை செய்து மூன்றும் 0.03 க்குள் நின்றால் நம்பலாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வெள்ளியின் அடர்த்திக்கே கொண்டுவந்த போலிகளும் உலகில் உண்டு. அவற்றின் விட்டமும் தடிப்பும் பொறிப்பின் கூர்மையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடர்த்தி சரிவந்தாலும் அந்த நாணயத்தின் நல்ல படமொன்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது அவசியம்.

ஒரே ஒரு விலக்கு: 'புரூஃப்' நாணயத்தை நீரில் இறக்காதீர்கள். புரூஃப் என்பது மெருகேற்றிய வில்லையை (இன்னும் அச்சடிக்காத வெறும் உலோகத் தட்டை) மெருகேற்றிய அச்சில் வைத்து, ஆறுதலாக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடித்து எடுப்பது. கீழ்த்தளம் கண்ணாடி போல முகம் காட்டும். உருவம் மட்டும் பனி படிந்தது போல வெண்மையாக மேலெழுந்து நிற்கும். அந்தக் கண்ணாடித் தளத்தில் மென்மையான துணி பட்டாலும் மயிரிழைக் கீறல் விழும். விளக்குக்குக் கீழே சாய்த்துத் திருப்பினால் ஒரே திசையில் ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளாக அது தெரியும். ஒருமுறை விழுந்தால் எந்த வித்தையாலும் நீக்க முடியாது. திறந்து வைத்த புரூஃப் நாணயத்துக்கு மேலே குனிந்து பேசினாலே போதும், எச்சில் துளி பட்ட இடம் சில மாதத்தில் கறுப்புப் புள்ளியாகிவிடும். புரூஃப் நாணயம் அதன் பிளாஸ்டிக் கூட்டோடும் பெட்டியோடும் சான்றிதழோடும் இருக்கட்டும். தேவையானால் கூட்டிலிருந்து எடுக்காமலே நாணயத்தின் விட்டத்தை அளந்து, சான்றிதழில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கேதான் எனக்கு மனம் பொறுக்காத காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விற்கக் கொண்டுபோகுமுன் நாணயத்தை மினுக்குகிறார்கள். திருநீறு போட்டுத் தேய்ப்பது, பழப்புளி போட்டுத் தேய்ப்பது, பற்பசை, கடையில் விற்கும் வெள்ளி மினுக்கி என்று வீட்டுக்கு வீடு வழி வேறு. குத்துவிளக்குக்கும் வெள்ளிச் செம்புக்கும் இவை ஏற்றவை. துலக்கத் துலக்க அழகு. நாணயத்துக்கு இவை அத்தனையும் அரம். வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றில் உள்ள கந்தகச் சேர்வை வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டு என்ற மெல்லிய படலம் உண்டாகிறது. தேய்க்கும்போது அந்தப் படலத்தோடு அதற்குள் போன வெள்ளியும் சேர்ந்து உரிகிறது. அச்சில் அடிக்கும்போது உலோகம் விரிந்து ஓடியதால் உண்டான நுண்ணிய மினுக்கமும் சேர்ந்து போகிறது. சேகரிப்பாளர் நாணயத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது தேடுவது அந்த மினுக்கத்தைத்தான். தேய்த்த நாணயம் வெள்ளைவெளேரென்று இருக்கும். ஒளி அதில் சுழலாது. அத்தகைய 1957 நாணயத்துக்கு உலோக விலைக்கு மேல் கொடுக்க எவரும் வரமாட்டார். இயல்பாகப் படிந்த நீலமும் பொன்னிறமும் கலந்த படலம் இருந்தால் அதை விரும்பி வாங்குவோர் உண்டு. அமிலத்தில் தோய்த்து எடுக்கும் திரவங்களும் ஒரு படலத்தைக் கரைத்துத்தான் எடுக்கின்றன. இரண்டு மூன்று தடவை தோய்த்தால் உயிரற்ற சாம்பல் நிறம் வந்துவிடும்.

நாணயத்தில் பச்சை நிறத்தில் பசைபோல ஏதாவது படிந்திருந்தால் மட்டும் கை வைக்கலாம். அது பழைய மென்மையான பிளாஸ்டிக் உறைகளின் வேலை. அந்த பி.வி.சி. உறை சூட்டிலும் காலப்போக்கிலும் எண்ணெய்ப் பதமான பசையையும் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் வெளிவிட, அது நாணயத்தில் உள்ள செம்பை அரிக்கிறது. இதற்கு மருந்து தூய அசிற்றோன். கியூட்டெக்ஸ் அழிக்க விற்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் அசிற்றோனை விட்டு, நாணயத்தை 10 நிமிடம் மூழ்க வைத்து, புதிய அசிற்றோனில் ஒருமுறை அலசி, நீரில் கழுவி, மென்மையான துவாயில் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுவது மட்டும், துடைக்கக் கூடாது. அசிற்றோன் தீயை எட்டிப் பிடிக்கும். அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கழுவும் நீர் கிணற்று நீராக இருக்கவே கூடாது. யாழ்ப்பாணத்து நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும். வாகனப் பற்றறிக்கு விடுவதற்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல் ஒன்று வாங்கினால் மலிவாகவே காரியம் முடியும். பற்றறி அமிலப் போத்தலும் அதன் பக்கத்திலேயே இருக்கும், எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். தூய வெள்ளி நாணயங்களில், குறிப்பாகக் கனடாவின் மேப்பிள் இலை நாணயங்களில், வரும் பால் நிறப் புள்ளிக்கு இந்த மருந்து எதுவும் கேட்காது. அது நாணயசாலையில் வில்லையைக் கழுவிய திரவம் எஞ்சியிருந்து சூளையில் சுட்டதால் வருவது. வாங்கியவர் கையில் பிழை இல்லை.

பாதுகாப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. நாணயத்தின் விட்டத்துக்கு அளவான கடினப் பிளாஸ்டிக் கூடு சிறந்தது, 38.6 மில்லிமீற்றர் நாணயத்தை 40 கூட்டுக்குள் போட்டால் உள்ளே ஆடி ஆடி விளிம்பு தேயும். உறைகள் பொலிப்புரொப்பிலீன் அல்லது மைலராக இருக்கட்டும். கையில் உள்ள உறை பி.வி.சி.யா என்று அறிய ஒரு செப்புக் கம்பியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் பிடியுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பி.வி.சி. முற்றத்தில் நின்று செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. றப்பர் பட்டி, கம்பளித் துணி, சாதாரண மட்டைப்பெட்டி, பத்திரிகைத் தாள் எல்லாவற்றிலும் கந்தகமோ அமிலமோ இருக்கிறது, அவை நாணயத்தைத் தொடக் கூடாது. சாமி அறையில் வைத்தால் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் படியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இங்கே அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறும். கரையோர வீடுகளில் உப்புக் காற்று வேறு. இறுக்க மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் சிறு பொதிகளைப் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகையானால் நீலம் இளஞ்சிவப்பாகும்போது எடுத்து 120 பாகை அளவில் அவணில் சூடாக்க மறுபடி நீலமாகும்.

வளையம் பற்றவைத்துப் பென்டன் ஆக்குவது பற்றி ஒரு வரி: பற்றாசு பட்ட நாணயம் நாணயமாக முடிந்துபோனது. கழுத்தில் போட ஆசை என்றால் சுற்றிப் பிடிக்கும் சட்டம் ஒன்று செய்விக்கலாம், பற்றவைப்பு நாணயத்தில் படாது.

புதிதாக வாங்குவோருக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. 'மட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு' என்ற சொல்லுக்குத் தனியே எந்தப் பெறுமதியும் இல்லை. அனுமதித்த எண்ணிக்கை வேறு, உண்மையில் அடித்து விற்ற எண்ணிக்கை வேறு. அந்த எண்ணிக்கைக்கு எதிரே அதைத் தேடுவோர் எத்தனை பேர் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். கனடா நாணயசாலை 2011 இல் தொடங்கிய 20 டொலருக்கு 20 டொலர் நாணயம் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த விலையே முகப்பெறுமதி என்பதால் நட்டமில்லை என்று பலர் வாங்கினார்கள். நாணயத்தின் நிறை 7.96 கிராம். அன்றைய வெள்ளி விலைக்கு உள்ளே இருந்தது 20 டொலரின் பாதி அளவும் இல்லாத காலம் நீண்டது. முதல் நாணயமே 2 இலட்சம் வெளியானதால் சேகரிப்போர் தேடவும் இல்லை. நியுவே, குக் தீவுகள் ஆகியவற்றின் பெயரில் வரும் நிறம் தீட்டிய, கல் பதித்த நாணயங்களில் பல அந்தத் தீவுகளின் அனுமதியோடு வெளிநாட்டுத் தனியார் அச்சகங்கள் அடிப்பவை. தீவில் அவை புழங்குவதில்லை. பரிசாகக் கொடுக்க அழகானவை, முதலீடு என்று எண்ணி வாங்கினால் கொடுத்த விலை திரும்ப வர நெடுங்காலம் ஆகும். நகைக்கடைகள் விற்கும் இலட்சுமி, பிள்ளையார் உருவ வெள்ளி வில்லைகள் நாணயமே அல்ல. அவற்றில் நாட்டின் பெயரும் முகப்பெறுமதியும் இராது. அவற்றுக்கு வெள்ளி விலையோடு செய்கூலியும் கொடுக்கிறோம், விற்கும்போது கூலி திரும்பாது.

விற்பதென்று முடிவு செய்தவர்கள் முதலில் நாடு, வருடம், முகப்பெறுமதி, நிறை, விட்டம் ஆகிய ஐந்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் வெளிச்சமான யன்னலோரத்தில் படமெடுங்கள். இணைய ஏலங்களில் விலை பார்ப்பதானால் விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். கேட்கும் விலையை யாரும் என்னவாகவும் போடலாம். அந்த விலை உலோகப் பெறுமதியின் ஒன்றரை மடங்குக்குக் குறைவு என்றால், தபால் செலவும் தரகும் போக மிஞ்சுவது சொற்பம், நகைக்கடையே போதும். அதற்கு மேல் என்றால் சேகரிப்பாளரைத் தேடுங்கள், அவசரப்படாதீர்கள். பெட்டியும் சான்றிதழும் நாணயத்தோடு சேர்ந்தே போக வேண்டும். சான்றிதழ் இல்லாத புரூஃப் நாணயத்துக்கு எவரும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். தர நிர்ணயத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், போகவர ஆகும் செலவை முதலில் கேளுங்கள். இங்குள்ள வீட்டு நாணயங்களில் மிகச் சிலவே அந்தச் செலவைத் தாங்கும். கடையில் கொடுப்பதானால் கண்முன்னே நிறுக்கச் சொல்லி, எத்தனை பங்கு வெள்ளி என்று கணக்கிட்டார், கழிவு எவ்வளவு என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 925 நாணயத்தை 800 என்று எழுதினால் 28.28 கிராமில் மூன்றரை கிராம் வெள்ளி போய்விடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் பத்திரிகையில் வெள்ளி விலை வரும் நாட்களில் அது தூய வெள்ளிக்கான விலை என்று குறிப்பிட்டு, பக்கத்திலேயே 925, 800, 500 பங்கு வெள்ளியின் கிராம் விலையையும் அச்சிட முடியுமானால், தராசு முன்னால் நிற்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
நாணயச் சேகரிப்பாளர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.